சத்தம்: சரி

இந்தக் கதை நடந்த இடத்தில் நான் இருந்ததில்லை. விடுதியில் என் அறையில் இருந்த பெண் சொன்னது. அவளுக்கு அவளுடைய அத்தை சொன்னது. அந்த அத்தை ஆனைக்கரட்டுச் சந்தைக்கு வாரம் தவறாமல் தக்காளிக் கூடை இறக்கப் போகிறவள். இரண்டு வாய் தாண்டி வந்த கதையில் எது கூடியது, எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. நானாக எதையும் கூட்டவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலைக்காடும் மக்காச்சோளக் காடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கிற ஊர் ஆனைக்கரடு. பொழுது சாய்ந்தால் அங்கே காட்டுப்பன்றி இறங்கும், பன்றி இறங்கினால் மூன்று மாதத்து வெள்ளாமை விடிவதற்குள் மண்ணோடு மண்ணாகும் என்பதால், உரிமம் வாங்கி நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிற குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் முந்நூறுக்கு மேல் இருந்தன. அந்தத் துப்பாக்கிகளில் யாரும் குண்டு போடுவதில்லை. குழலுக்குள் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் கெட்டித்து, வானத்தைப் பார்த்து ஒரு வெற்று வேட்டுப் போட்டால் போதும், பன்றி வந்த வழியே திரும்பிவிடும். சத்தத்துக்காகத்தான் துப்பாக்கி. அது பழுதானால் பார்க்க ஆளில்லை என்று ஊரார் மனுமேல் மனுவாகக் கொடுத்ததில், சமுதாயக் கல்லூரியில் தையல் வகுப்புக்கும் ஃபிரிட்ஜ் மெக்கானிக் வகுப்புக்கும் நடுவில் இருந்த பழைய சாமான் அறையில், துப்பாக்கி பழுதுநீக்கும் ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்று வந்து சேர்ந்தது.

சேர்ந்த ஒன்பது பேரில் ஒரே பெண் மாதேஸ்வரி. கல்லூரி என்று பெயர் எழுதிய கட்டடத்துக்குள் அவள் குடும்பத்திலிருந்து முதலில் கால் வைத்தவளும் அவள்தான். அவளுடைய அம்மா நாகம்மா தறிக்குடோனில் நூல் சுற்றுகிறவள். தெருவில் யார் கேட்டாலும் மகள் லேப் டெக்னீசியனுக்குப் படிப்பதாகத்தான் சொன்னாள்.

“துப்பாக்கின்னு சொன்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்? ரத்தம் டெஸ்ட் பண்ணப் படிக்கறேன்னு சொல்லு.”

“எப்பிடிப் பண்றதுன்னு கேட்டா என்னம்மா சொல்றது?”

“பாட்டில்ல புடிச்சு வெளிச்சத்துல பாக்கோணும்னு சொல்லு. இங்க எவளுக்குத் தெரியப் போகுது?”

மாதேஸ்வரிக்கு அரம் பிடிக்கிற கை சுத்தமாக வந்தது. சுத்திபோல அறைந்தும் பொறி விழாத குதிரை, இழுத்தால் அசையாத விசை, கறையான் தின்ற கட்டை என்று எது வந்தாலும் அதன் நோய் எங்கே என்று அவள் விரலுக்குத் தெரிந்தது. முன்பு போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்த ஸ்டெல்லா மேடம்தான் பயிற்றுநர். அவர் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு எழுத்து முத்திரையைக் கொடுத்திருந்தார். மாதேஸ்வரியுடையது ‘மா’. பன்னிரண்டு துப்பாக்கிகளைச் சரிசெய்து, சோதித்து, குழலில் தன் எழுத்தை அடித்துக் கொடுத்தால்தான் சான்றிதழ்.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. குழலில் மண்ணெண்ணெய் பூசி, துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் தூவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடாக எழும். கோடில்லை என்றால் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குழிக்குக் கொண்டு போய்ப் பழைய லாரி டயரில் துப்பாக்கியைக் கட்டி, ஊருக்குக் கேட்க மூன்று முறை மணி அடித்து, சுவருக்குப் பின்னால் நின்று கயிறு இழுத்துச் சுட வேண்டும். கெட்டித்த பிறகு கம்பி குழல் வாய்க்கு வெளியே எத்தனை விரல் நிற்கிறதோ அத்தனை விரல் மருந்து என்று கணக்கு. காட்டில் நாலு விரல் போடுவார்கள். குழியில் எட்டு விரல் போடுவார்கள். எட்டைத் தாங்கினால் நாலைத் தாங்கும். அதன் பிறகுதான் பதிவேடு. அதில் துப்பாக்கி எண், மருந்து, கடைசிக் கட்டத்தில் ‘சத்தம்’. அந்தக் கட்டத்தில் ‘சரி’ என்று எழுதிவிட்டு முத்திரை அடிக்க வேண்டும்.

அவளுடைய பன்னிரண்டாவது துப்பாக்கி நாச்சிமுத்துவுடையது. நாலு ஏக்கர் மக்காச்சோளக்காரர், பேச்சில் தாராளம், காத்திருப்பதில் கருமி. அன்று மழை பிடித்துக்கொண்டது. குழியில் முழங்கால் தண்ணீர். துப்பாக்கிகளைக் கணக்கு முடித்துக் கொடுக்கும் கடைசி நாள். ஸ்டெல்லா மேடம் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிக் கைப்பையும் குடையுமாக வாசலில் நின்றார். நாச்சிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஆச்சா அம்மிணி? பன்னிக்கு மழையெல்லாம் கணக்கில்ல” என்று மூன்றாம் முறை கேட்டார். மாதேஸ்வரி சாக்பீஸ் தூள் தூவினாள். வெள்ளையில் ஒரு கோடு எழுந்தது, அரிசி நீளம்கூட இராது, மயிரிழைபோல.

மயிர்தான் என்று நினைத்தாள். நினைத்தாள் என்று சொல்வது சரியில்லை. மயிர்தான் என்று தனக்குத்தானே சொன்னாள். சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் துடைத்தாள். குழல் தோற்றால் அது கணக்கில் சேராது, சேராவிட்டால் பதினொன்று, பதினொன்றுக்குச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த வருடம்வரை அம்மா நூல் சுற்ற வேண்டும். மணி அடிக்கவில்லை. மழையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதிவேட்டில் ‘எட்டு விரல்’ என்று எழுதி, ‘சத்தம்’ கட்டத்தில் ‘சரி’ என்று எழுதி, முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். டக் என்றது. ஸ்டெல்லா மேடம் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பொழுது சாய நாச்சிமுத்து நாலு விரல் மருந்து கெட்டித்து வானத்தைப் பார்த்துச் சுட்டபோது, குதிரை விழுந்தது, பொறி பறந்தது, புகை வந்தது, கட்டை தோளில் உதைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பன்றிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு பாத்தியைத் தின்று முடித்தன.

காலையில் டீக்கடையில் அவர் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரி பொம்மியக்கா பாலை ஆற்றிக்கொண்டே, “பொகை வந்துச்சா?” என்றாள்.

“வந்துச்சு.”

“ஒதைச்சுதா?”

“தோளு இன்னும் வலிக்குது.”

“அப்பச் சத்தமும் கெளம்பியிருக்கும். வழியில இருக்குது. வரும்.”

அவ்வளவுதான். கிளம்பிய பேருந்து எப்படியும் வந்துதானே ஆக வேண்டும் என்பதுபோல ஊர் அதை ஏற்றுக்கொண்டது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதில்தான் பேச்சு நடந்ததே தவிர, ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் பஞ்சு தீர்ந்தது. சினை மாடுகளின் காதில் பஞ்சு வைத்தார்கள், கருவுற்ற பெண்கள் தலையில் சால்வை சுற்றிக்கொண்டார்கள், அடுப்பில் பால் வைத்தவள் சத்தத்துக்குத் திடுக்கிட்டுக் கொட்டிவிடாதபடி இன்னொருத்தியைத் துணைக்கு உட்காரவைத்தாள். கல்யாண வீட்டார் வேட்டு வேண்டாம் என்றார்கள். இந்தச் சத்தமும் அந்தச் சத்தமும் கலந்துவிட்டால் எது எது என்று தெரியாமல் போகும். போலீஸ் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, துப்பாக்கிக்குச் சத்தம் இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை எனப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒரு பாக்கெட் பஞ்சு வாங்கிக்கொண்டு போனார். பிறவியிலேயே காது கேளாத டெய்லர் ரங்கநாதன் ஒருவர்தான் பயமில்லாமல் நடமாடினார் என்பதால், வெடித்தாலும் கை நடுங்காது என்று குழந்தைகளுக்குக் காது குத்தவும் அவரையே கூப்பிட்டார்கள்.

வருகிற சத்தத்தைத் தவறவிடக் கூடாது என்று ஊர் மெல்லப் பேசப் பழகியது. சந்தையில் விலை கூவுவது நின்று விரலால் காட்டுவது வந்தது. பங்காளிச் சண்டைகூடக் கிசுகிசுப்பாக நடந்தது; “உன்ற மூஞ்சியில முழிச்சா வெளங்குமாடா” என்று ஒருவன் இன்னொருவன் காதோரம் குனிந்து சொன்னான். அந்த அமைதியில் யார் வீட்டில் தாழ்ப்பாள் போட்டாலும் எல்லார் வீட்டிலும் கேட்டது. மாதேஸ்வரிக்கு மட்டும், சோற்றுப் பானையை இறக்கும்போதும், செருப்பைக் கழற்றும்போதும், கொடியில் துணி போடும்போதும், டக் என்று முத்திரை விழுவது கேட்டது.

வாரத்துக்கு ஒரு வேட்டுக்குத்தான் நாச்சிமுத்துவிடம் மருந்து இருந்தது. மற்ற நாட்களில் தகரத்தைத் தட்டினார். இரண்டாம் வாரம் அவர் கல்லூரி வாசலில் சைக்கிளை நிறுத்தி அவளைக் கூப்பிட்டார்.

“அஞ்சு வெரல் போட்டுப் பாத்தேன் அம்மிணி. மூச்சு விடல.”

“கொறைச்சுப் போடுங்ணா. நாலே போதும்.”

“நாலுக்கு வராதது கொறைச்சா வந்துருமா?”

“கொண்டாந்து குடுங்ணா. இன்னொருக்காப் பாத்துத் தர்றேன்.”

“என்னத்தப் பாக்கறது? எட்டு வெரல் தாங்கும்னு நீதான முத்திரை அடிச்சுக் குடுத்திருக்கற?” என்று சிரித்தார் அவர். “எனக்கு ஒரு யோசனை. சத்தம் உள்ளாரச் சேருது. சேரட்டும். மொத்தமா வந்துச்சுன்னு வையி, பன்னி மலையத் தாண்டிப் போயிரும்.”

மூன்றாம் வாரம் ஆறு விரல். நான்காம் வாரம் ஏழு. ஒவ்வொரு முறையும் சுட்ட மறுநாள் காலையில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இடது கையை உயர்த்தி விரல்களை விரித்து, மேற்கொண்டு எத்தனையோ அத்தனையை வலது கையில் காட்டிவிட்டுப் போனார். குழலைத் தாங்கிப் பிடிக்கிற கை இடது கை. அந்த ஐந்து விரல்களையும் பார்க்க முடியாமல் மாதேஸ்வரி தரையைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள், மறுநாள் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனாள்.

இதற்குள் ஊர் அவளைக் கொண்டாட ஆரம்பித்திருந்தது. ‘மா’ முத்திரை போட்ட துப்பாக்கிக்குத்தான் இந்த மகிமை என்று பேச்சு பரவி, மற்ற பதினொரு துப்பாக்கிக்காரர்களும் தங்களுடையது ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தார்கள். பிரின்ஸ்பால் தாமோதரன் அவளை அறைக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்; மாணவர் யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. சான்றிதழ் விழாவில் நாச்சிமுத்து எட்டு விரல் போட்டு எல்லார் முன்னிலையிலும் சுடப் போகிறார், அப்போது அவளுக்குப் பொன்னாடை என்றார். நாகம்மா தறிக்குடோனில் லீவு சொல்லிவிட்டுத் தெருத்தெருவாகப் போய், “லேப்பும் இல்ல ஒண்ணுமில்ல, எம்புள்ள துப்பாக்கிக்குத்தான் படிக்கறா. அந்த முத்திரை எம்புள்ளயோடதுதான்” என்று, ஊர் வழக்கப்படி மெல்லிய குரலில், ஆனால் எல்லா வீட்டிலும் சொன்னாள்.

“ஏம்மா இப்பப் போயிச் சொல்ற?” என்றாள் மாதேஸ்வரி.

“ஏன்? இப்பத்தான சொல்லிக்கற மாதிரி ஒண்ணு பண்ணியிருக்கற.”

விழா அன்று கல்லூரி மைதானத்தில் ஷாமியானா. நானூறு பேர், நானூறு பேர் காதிலும் பஞ்சு, எடுக்கவா வைக்கவா என்று அதன்மேல் ஒரு விரல். முன்வரிசையில் நாகம்மா, மடிப்புக் கலையாத புடவையில். நாச்சிமுத்து வெள்ளை வேட்டியில் நடுவே வந்து நின்று, மருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, கெட்டித்து, கம்பியைக் குழலில் நிறுத்தி, வெளியே நிற்பதை விரலால் அளந்து காட்டினார். எட்டு. கம்பியை உருவினார். துப்பாக்கியைத் தூக்கி, இடது கையை அது எப்போதும் போய் உட்கார்கிற இடத்தில் உட்காரவைத்தார். மேடையில் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு பிரின்ஸ்பால் மாதேஸ்வரி பக்கம் திரும்பினார்.

“அண்ணா, சுடாதீங்க” என்றாள் அவள்.

மைக் இல்லை. கத்தவும் இல்லை. ஆனால் ஐந்து வாரமாகக் கேட்பதற்கென்றே பழகிய ஊர் அது. பஞ்சையும் தாண்டிக் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

“அத நான் சோதிக்கலீங்ணா. மணி அடிக்கல. குழிக்குக் கொண்டே போகல. கொழல்ல கோடு இருந்துச்சு. பாத்தேன். தொடைச்சுட்டேன். சத்தம் சரின்னு பொய்யா எழுதினேன்.”

ஸ்டெல்லா மேடம் எழுந்து, “நானும் பாக்காமதான் கையெழுத்துப் போட்டேன்” என்று சொல்லிவிட்டு, உட்காரவும் தெரியாமல் நின்றார். பிரின்ஸ்பால் பொன்னாடையைப் பழைய மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தார், அது மடிபடவில்லை. நாகம்மா முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு, “லேப்புன்னே சொல்லியிருக்கலாம்” என்றாள், தனக்குத்தான். அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

மாதேஸ்வரி மேடையிலிருந்து இறங்கிப் போய், நாச்சிமுத்துவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். குழல் வாய் வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு குழிக்கு நடந்தாள். டயரில் கட்டினாள். மழையன்று அடிக்காத மணியை மூன்று முறை அடித்தாள். சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தாள்.

முதலில் வந்தது நாலு விரல் சத்தம். அதை முதலில் அறிந்தவர் டெய்லர் ரங்கநாதன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தனக்குப் பேசத் தெரிந்த விதத்தில், வந்துவிட்டது என்றார். அது மலையில் மோதித் திரும்புவதற்குள் ஐந்து விரல் சத்தம் வந்தது, ஷாமியானாவின் மூங்கில்கள் ஆடின; ஆறு வந்தது, ஊரில் உள்ள நாய்களெல்லாம் ஒரே திசையில் ஓடின; ஏழு வந்தது, மைதானத்துப் புளியமரம் பூவெல்லாம் உதிர்த்தது. ஜனங்கள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். எட்டு வந்தபோது எண்ணுவதை மறந்தார்கள். அதற்குள் இரும்பு கிழிகிற சத்தமும் இருந்தது.

பிறகு புகை கலைந்தது. ஊர் மெதுவாகக் காதிலிருந்து பஞ்சை எடுத்தது, எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டது. பொம்மியக்கா, “அவ்வளவுதானா?” என்றாள். ஐந்து வாரம் காத்திருந்த ஒன்று வந்துவிட்டுப் போனால் இருக்கிற வெறுமை எல்லார் முகத்திலும் இருந்தது. அன்று மாலையே சந்தையில் விலை கூவினார்கள், பங்காளிகள் நாலு தெருவுக்குக் கேட்கச் சண்டை போட்டார்கள் என்று அத்தை சொன்னாளாம்.

நாச்சிமுத்து குழிக்குள் இறங்கிப் போய்ப் பார்த்தார். குழல், பிளந்த மூங்கிலாக விரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் தன் இடது கையை வைத்தார். திருப்பி வைத்தார். விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார். மாதேஸ்வரி அவர் திட்டுவார் என்று நின்றாள், அடித்தால்கூட நல்லது என்று நின்றாள். அவர் அப்படியெல்லாம் செய்யவில்லை.

“நாலு வெரல்லயே சொல்லியிருக்கலாமே அம்மிணி” என்றார். அதைச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்குச் சான்றிதழ் தரவில்லை. அடுத்த ஜூனில் அவள் மறுபடியும் முதல் துப்பாக்கியிலிருந்து ஆரம்பித்தாள் என்று ஒரு பேச்சு. ஊரை விட்டே போய்விட்டாள் என்று இன்னொரு பேச்சு. என் அறைத்தோழிக்கு அதற்கு மேல் தெரியாது.

இந்தக் கதையைக் கேட்டு இரண்டு வருடம் கழித்து ஒரு வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க அந்தப் பக்கம் போனபோது, நான் அந்தக் கல்லூரிக்குப் போனேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார்கள். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதிவேட்டைக் காட்ட மறுத்துவிட்டார்கள். துப்பாக்கி வகுப்பின் சுவரில் ஆணியில் தொங்கிய உடைந்த துப்பாக்கியைப் பார்க்க விட்டார்கள். எந்தக் குறிப்பும் அதன்கீழ் இல்லை. குழலின் அடியில் ‘மா’ என்ற எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. குழலைத் தாங்கும் கட்டையில் ஒரு இடம், பல வருடம் ஒரே கை பிடித்ததால் தேய்ந்து, நாலு விரல் அகலத்துக்குப் பளபளப்பாக இருந்தது. பிளவு தொடங்குகிற இடத்திலிருந்து அதுவரை எவ்வளவு தூரம் என்று என் விரலை வைத்து அளந்து பார்த்தேன். தூரமே இல்லை. அந்தப் பளபளப்புக்கு நேர் மேலேதான் பிளவு தொடங்குகிறது.